நன்றாகப் படிக்கும் வசதியில்லாத பிள்ளைக்குக் கல்லூரி உதவித்தொகை வாங்க நாம் எப்படி உதவலாம்?

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள், வீட்டில் வசதி இல்லை, மார்க்கைப் பார்த்துக் கொடுப்பார்களா கஷ்டத்தைப் பார்த்துக் கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை, படிவம் நிரப்ப ஆள் இல்லை, அதனால்தான் நீங்கள் முன்வந்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பெரும்பாலான திட்டங்களில் இரண்டையும் பார்ப்பார்கள். மார்க்குக்கு மார்க் ஷீட் போதும். கஷ்டத்துக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும், நம் நேரமெல்லாம் அதற்குத்தான் போகும். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காரைக்குடிப் பக்கம் பல பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மார்க் போதாமல் நின்றவர்களைவிடச் சான்றிதழ் நேரத்துக்கு வராமல் நின்றவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார்கள். எங்கள் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி 2024-ல் பிளஸ் டூ முடித்தாள். நான் அவளுக்குப் பெரியப்பச்சி முறை (அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் நாங்கள் சொல்வோம்). வீடு என்னவோ பெரிய வீடு. முகப்பு, பட்டாலை, வளவு என்ற உள்முற்றக் கட்டு, இரண்டாங்கட்டு எல்லாம் உண்டு. ஆனால் பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பங்குள்ள வீடு. அவள் அப்பச்சிக்கு வளவில் ஓர் அறையும் அதை ஒட்டிய பத்தியும்தான் பாத்தியதை. மற்ற பங்காளிகள் வெளியூரில் இருக்கிறார்கள், கல்யாணம் காரியத்துக்கு வந்து போவார்கள். அவள் அப்பச்சி ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் கையில் ரொக்கமாக வருவதால் சம்பளச் சீட்டு கிடையாது. ஆத்தா முறுக்கும் சீடையும் சுட்டு விற்கிறார்.

இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்குப் பதிந்தோம். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். வாசலில் நின்று முகப்பைப் பார்த்தார், தேக்குத் தூண்களைப் பார்த்தார். "இந்த வீட்டுக்கு நான் எப்படிங்க குறைச்சு எழுதுறது? மேல கேட்டா யார் பதில் சொல்றது?" என்றார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்தப் பெண் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவள் அப்பச்சி, "விடுங்கண்ணே, நமக்கு வேணாம். கேட்டதே அசிங்கமாப் போச்சு" என்றார்.

எனக்கு ஆறவில்லை. வீட்டு வரி ரசீது பல பங்காளிகள் பெயரில் இருப்பதைக் காட்டி, அவருடைய பங்கு எவ்வளவு என்று பாகப்பத்திர நகல் எடுத்து வைத்தோம். கடை முதலாளியிடம் சம்பளத்தை எழுதி வாங்கினோம். ரேஷன் கார்டு, பாஸ்புக் நகலும் சேர்த்து மறுபடி விண்ணப்பித்து, வருவாய் ஆய்வாளரை நேரில் பார்த்தேன். வீட்டுக்கு ஆண்டு வருமானம் கிடையாது, அதிலிருந்து வாடகையும் வரவில்லை, ஓடு மாற்றக்கூடப் பணம் கேட்கிறது என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் நியாயமான மனிதர், காகிதங்களைப் படித்துப் பார்த்துவிட்டுப் பரிந்துரைத்தார். சான்றிதழ் வந்தது.

"செட்டியார் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு உதவித்தொகை?" என்று சிலர் கேட்பீர்கள். 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வைத்த கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரையும், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியாரையும் நினைத்துக்கொண்டு கேட்பீர்கள். எங்களுக்கும் அவர்கள் பெருமைதான். ஆனால் பர்மாவில் இருந்த சொத்து ஜப்பான் படையெடுப்போடும், அதற்குப்பின் வந்த நில தேசியமயத்தோடும் போன குடும்பங்கள் இங்கே எத்தனையோ இருக்கின்றன. மிஞ்சியது வீடு மட்டும். வேறு யாருக்கோ கிடைக்க வேண்டியதை நாங்கள் தட்டிப் பறிக்கவும் இல்லை. எங்கள் வீடுகளின் பின்கட்டில் குடியிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்பவர்களின் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல் வருகிறது. அவர்களுக்கும் நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

      சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தேசிய உதவித்தொகைத் தளத்தில் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். 80 சதவீத மார்க் வேண்டும் என்று பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். அந்த ஆண்டு அதே வாரியத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 சதவீதத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. எங்கள் பெண்ணுக்கு இதுதான் கிடைத்தது. இன்ஜினியரிங் அல்லது டிப்ளமோ சேரும் பெண் என்றால் ஏஐசிடிஇ-யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி திட்டத்தைப் பாருங்கள். வருமான வரம்பு 8 லட்சம், ஆண்டுக்கு 50,000 ரூபாய், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. கவுன்சிலிங் மூலம் தொழிற்கல்வியில் சேருபவர் வீட்டில் முதல் பட்டதாரி என்றால், கட்டணச் சலுகைக்கான அந்தச் சான்றிதழையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. இதைக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் கட்டிய பள்ளிகள் பல அரசு உதவி பெறும் பள்ளிகள். அங்கே படிக்கும் பிள்ளைகளும் ஏழைகள்தான். ஆனாலும் 2024 டிசம்பர் கடைசியில்தான் அந்தப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் புதுமைப் பெண்ணில் சேர்த்தார்கள். தொழிற்கல்வியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு அவர்களுக்கு இன்னும் கிடையாது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, அது வேண்டும். அதே தெருவில், அதே கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை, நடந்து போகும் தூரத்தில் இந்தப் பள்ளி இருந்தது என்பதற்காக விடுபடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்றுக்கு மேல் வாங்குவதில் கவனம் தேவை. புதுமைப் பெண் திட்டம் மற்ற உதவித்தொகை வாங்குபவர்களையும் ஏற்கிறது. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைத் திட்டமோ வேறு உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் இருந்தால் ஏற்பதில்லை. எது லாபம் என்று கணக்குப் போட்டு, கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவைப் பார்ப்பவரிடம் கேட்டபிறகு விண்ணப்பியுங்கள்.

அப்புறம் வங்கிக் கணக்கு. பாஸ்புக் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பணம் நேரடியாக வர ஆதாரைக் கணக்கோடு இணைத்திருக்க வேண்டும். இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். பிள்ளை எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கில் பணம் விழுந்து கிடப்பதைப் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால் என்றிருந்தாலும் தகராறு வரும். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். இதையெல்லாம் ரிசல்ட் வந்த வாரமே முடித்துவிடுங்கள்.

விண்ணப்பம் போட்டதோடு விடாமல், கல்லூரியில் அதைச் சரிபார்த்து அனுப்பினார்களா என்று தளத்தில் பாருங்கள். ஒரு கல்லூரியில் கடைசி நாள் வரை அனுப்பாமலே வைத்திருந்தார்கள். நான் நேரில் போய் உட்கார்ந்த பிறகுதான் அனுப்பினார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் தேவை என்பதை அந்தப் பெண்ணிடம் சேரும்போதே சொல்லிவையுங்கள்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் எந்த மாதிரிப் பள்ளியில் படித்தாள், என்ன படிப்பில் சேரப் போகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. கீழே எழுதுங்கள், எது பொருந்தும் என்று சொல்கிறேன்.