கிரிஸ்டலைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்

கேள்வி: பாலிடெக்னிக் இறுதியாண்டு புராஜெக்டுக்காக பிசி547 டிரான்சிஸ்டர், 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வைத்து கால்பிட்ஸ் ஆஸிலேட்டர் (தானாகவே சீரான அலையை உண்டாக்கும் சர்க்யூட்) கட்டினேன். 9 வோல்ட் பேட்டரி. மல்டிமீட்டரை ஏசியில் வைத்தால் எதுவும் காட்டவில்லை. “கிரிஸ்டல் போச்சு, ரெடிமேட் போர்டு வாங்கிக்கோ” என்கிறார் புராஜெக்ட் சென்டர்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்ச் வீட்டுக் கரண்டை அளப்பதற்கானது. 8 மெகாஹெர்ட்ஸ் அதற்குத் தெரியவே தெரியாது. உங்கள் சர்க்யூட் இந்நேரம் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையோடு 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, அதன் வழியாக டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலைத் தொடுங்கள். கறுப்பு முனை கிரவுண்டில், அதாவது பேட்டரி மைனஸில். நேரடியாகத் தொட்டால் மீட்டர் ஒயரே ஆஸிலேஷனைக் கெடுக்கலாம். பேஸ் காலிலிருந்து பேட்டரி பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் தலா 33 கிலோஓம், எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 1.5 கிலோஓம் என்றால் 3.6 வோல்ட்டை ஒட்டி வரும். இப்போது கிரிஸ்டலின் இரு கால்களுக்கும் குறுக்கே 103 என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டரை வையுங்கள். ஓடிக்கொண்டிருந்த ஆஸிலேட்டர் உடனே நின்றுவிடும். வோல்ட்டேஜும் சற்று நகரும். எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பும். துளியும் நகராவிட்டால்தான் கோளாறு. சிற்றலை ரேடியோ இருந்தால் 8 மெகாஹெர்ட்ஸில் வைத்து அருகில் கொண்டு போங்கள். பேட்டரியை இணைத்ததும் இரைச்சல் அடங்கும்.

எமிட்டரில் 1 வோல்ட் பக்கம்தான் வருகிறதா? கால்கள் மாறியிருக்கின்றன. தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு இது அப்படியே தலைகீழ். “எல்லாம் ஒண்ணுதான் தம்பி” என்று கடையில் மாற்றிக் கொடுப்பார்கள். நம் லேப் மேனுவல்களோ காலமெல்லாம் குறியீட்டை மட்டும் வரைந்து, கால் வரிசையைப் போடுவதே இல்லை. ரெக்கார்டு நோட்டில் படம் அழகாக இருந்தால் மார்க் வந்துவிடுகிறது, அப்புறம் யாருக்கு அக்கறை?

அடுத்தது கெபாசிட்டர். பேஸ்-எமிட்டர் இடையிலும், எமிட்டர்-கிரவுண்ட் இடையிலும் 220 பிக்கோஃபாரட் வேண்டும். அதன் மேல் 221 என்றிருக்கும். கடைசி இலக்கம் எத்தனை சுழியம் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. அதனால் 220 என்று அச்சிட்டது 22 பிக்கோஃபாரட்தான். 224 வந்துவிட்டால் ஆயிரம் மடங்கு பெரிது, ஆஸிலேஷன் பிறக்கவே பிறக்காது. கலெக்டரிலிருந்து கிரவுண்டுக்கு 104 ஒன்று, கால்களைக் குட்டையாக வெட்டிப் போடுங்கள். பிரெட்போர்டைத் திட்டாதீர்கள், 8 மெகாஹெர்ட்ஸுக்கு அது போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பொம்மைக் கார் ரிமோட்டிலிருந்து கழற்றிய 27.145 மெகாஹெர்ட்ஸ் போன்ற கிரிஸ்டல்கள் பெரும்பாலும் மூன்றாம் ஓவர்டோனுக்காக, அதாவது அடிப்படை அலைவரிசையின் ஏறத்தாழ மூன்று மடங்கில் ஓடுவதற்காக வெட்டியவை. அவற்றை இந்தச் சர்க்யூட்டில் போட்டால் 27-இல் ஓடாது, 9 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடும். கிரிஸ்டல் பழுதில்லை, டிரான்சிஸ்டரும் பழுதில்லை. 27 வேண்டுமென்றால் அந்த அலைவரிசைக்கு ட்யூன் செய்த காயில்-கெபாசிட்டர் ஜோடி கூடவே தேவை. அது இல்லாமல் எத்தனை கிரிஸ்டல் மாற்றினாலும் அதே 9தான். உங்கள் 8-க்கு இந்தத் தொல்லை இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஓடாவிட்டால் கிரிஸ்டலை மாற்றுங்கள். கீழே விழுந்ததென்றால் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். பழைய போர்டிலிருந்து எடுப்பதானால் இரண்டு கால் உள்ளதைப் பாருங்கள். நான்கு கால் உலோக டப்பி கிரிஸ்டல் அல்ல, தனக்கென சப்ளை கேட்கும் முழு ஆஸிலேட்டர். சில புராஜெக்ட் சென்டர்கள் ‘ரெடிமேட்’ என்று விற்பதும் பல சமயம் அதைத்தான். வைவாவில் டிரான்சிஸ்டர் எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.