போதகர் ஐயா பதில்கள்: படலையடியில் கிடந்த தேசிக்காய்

கேள்வி: எல்லை வேலிப் பிரச்சினையால் பக்கத்து வளவுக்காரரோடு எங்களுக்கு ஒரு வருடமாகக் கதை பேச்சு இல்லை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடிய, குங்குமம் தடவிய தேசிக்காய் எங்கள் படலையடியில் கிடந்தது. அடுத்த கிழமை கன்று செத்தது. இப்போது மகனுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். இரவில் எனக்கு நித்திரை இல்லை. இது செய்வினை, அதை நீக்கக் கழிப்புக் கழிக்கவேண்டும் என்கிறார் மாமி. வேறொரு சபை ஊழியர், வீட்டின் நாலு மூலைக்கும் எண்ணெய் பூசி ஜெபிக்கக் காணிக்கை கேட்கிறார். ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிற எங்களைக் கடவுள் காக்கமாட்டாரா?
– ஒரு தாய், சண்டிலிப்பாய்

பதில்: பிள்ளை, முதலில் மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மாரி காலத்தை ஒட்டி எங்கள் பக்கம் டெங்கு பரவுவது வழமை. இரத்தம் சோதித்த பிறகு மிச்சப் பதிலை வாசித்தாலும் போதும்.

ஆலயம் போகிறவர் வீட்டுக் கன்றும் சாகும். ஞாயிறு ஆராதனை காப்புறுதிக் கட்டணம் இல்லை. ஆனால் உங்கள் பயத்தைச் சிரித்துத் தள்ள நான் வரவில்லை, வேதமும் தள்ளவில்லை. எபேசு பட்டணத்தில் விசுவாசிகளானவர்கள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தபோது அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஏறக்குறைய ஒரு கூலியாளின் நாட்சம்பளம். பயத்துக்கு அந்த ஊர் எவ்வளவு கொட்டியிருக்கிறது பாருங்கள். அங்கேதான் ஸ்கேவாவின் ஏழு குமாரர் இயேசுவின் பெயரை மந்திரம்போலப் பாவித்துப் பேயோட்டப் போய், அடிவாங்கி உடுப்பில்லாமல் ஓடினார்கள். அந்த ஊழியரை மனதில் வைத்து இதை எழுதவில்லை. ஆனாலும் ஜெபத்துக்குக் காசு கேட்கிறவரைப் படலைக்குள் எடுக்காதீர்கள்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் பவுல் விலங்கோடு இருந்துகொண்டு சர்வாயுதவர்க்கத்தை, அதாவது கடவுள் தரும் முழுப் போர்க்கவசத்தைப் பற்றி எழுதினார். எபேசியர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நில்லுங்கள், நில்லுங்கள் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நமக்குப் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்றும் சொல்கிறார். பக்கத்து வளவுக்காரர் மாம்சமும் இரத்தமும்தானே? தேசிக்காயை அவர் போட்டதை யாராவது கண்டீர்களா? யாரோ கழித்துச் சந்தியில் போட்டதை நாய் இழுத்து வந்திருக்கலாம். கதியால் மாற்றும்போதெல்லாம் அரைச் சாண் நகர்கிற வேலிகளை நான் ஊழிய காலம் முழுக்கக் கண்டிருக்கிறேன், நகர்த்தியவர் பேயில்லை. கணவரையும் கூட்டிக்கொண்டு போய், நில அளவையாளரைக் கூப்பிடுவோம், செலவைப் பாதிபாதியாகப் போடுவோம் என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகத்தைத் திருப்பினாலும் நீங்கள் கேட்டதாக இருக்கட்டும்.

சரி, நித்திரைக்கு வருவோம். 3ஆம் சங்கீதம் தாவீது தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடியபோது பாடியது. “நான் படுத்து நித்திரைசெய்தேன்” என்கிறார். அப்சலோமின் படை அப்போதும் பின்னால்தான் நிற்கிறது.

1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமமே இடம்பெயர்ந்து, மழையில் நனைந்துகொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு முன்னால் தலையில் ஒரு தகரப் பெட்டியோடு ஓர் ஆச்சி, 121ஆம் சங்கீதத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தார். “உன்னைக் காக்கிறவர் உறங்கார்” என்ற இடம் வரும்போதெல்லாம் பெட்டியைப் பிடித்தபடி மெல்லத் திரும்பிப் பேரன் வருகிறானா என்று பார்ப்பார். நம்பிக்கையும் பயமும் ஒரே ஆளுக்குள்தான் நடந்தன. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், அவ்வளவு சனத்துக்கு நடுவில், ஈரச் சேலையோடு குறட்டைவிட்டுத் தூங்கினார். போதகரான எனக்குத்தான் கண் மூடவில்லை!

மாமியோடு வாதாடவேண்டாம். பேரன்மேல் உள்ள பயத்தில்தான் கழிப்பு என்கிறார். இரவில் மகனின் கட்டிலடியில் இருந்து அவரையே அந்த 121ஐ வாசிக்கச் சொல்லுங்கள். கண் தெரியவில்லை என்பார். நீங்கள் வரிவரியாகச் சொல்லிக்கொடுங்கள், அவர் திருப்பிச் சொல்லட்டும். இரத்தப் பரிசோதனை முடிவையும் எனக்கு எழுதிவிடுங்கள்.