கர்ப்பத்தில் பிறப்புறுப்பு மரு: தட்டையாக, ஈரமாக இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை

கேள்வி: வயது 26. திருமணமாகி ஒன்றரை வருடம். இப்போது ஐந்தாம் மாதம். பிறப்புறுப்பின் வெளிப்பக்கத்தில் இரண்டு மாதமாகச் சின்னச் சின்ன மருக்கள். இப்போது கொத்துக் கொத்தாகிவிட்டன. ஆசனவாயை ஒட்டி இருப்பவை மட்டும் தட்டையாக, ஈரமாக இருக்கின்றன. வெள்ளைப்படுகிறது, அரிக்கிறது. புற்றுநோய் என்றும், குழந்தைக்குத் தொண்டையில் வரும் என்றும், சிசேரியன்தான் செய்ய வேண்டும் என்றும் இணையத்தில் படித்தேன். கணவர் மருந்துக்கடையில் மரு உதிர ஏதோ ஒரு மருந்து வாங்கி வந்திருக்கிறார். இன்னும் போடவில்லை. அவரைத் தவிர எனக்கு வேறு யாருமில்லை. பிறகு இது எப்படி வந்தது?
– பெயர் வேண்டாம்

பதில்: கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது. இது மருதான் என்றால் உங்கள் கணவரிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அவருக்கு அது எப்போது தொற்றியது என்பதை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பிறப்புறுப்பு மருக்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் ஹெச்.பி.வி. வைரஸின் 6, 11 ஆகிய இரண்டு வகைகள். தொற்றிய இரண்டு மூன்று மாதத்திலும் மரு வரலாம், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், வராமலே போகலாம். திருமணத்துக்கு முன்பு தொற்றியவர் உடம்பில் ஒரு மருவும் இல்லாமல் இருந்தே அதை மனைவிக்குக் கொடுத்திருக்க முடியும். கர்ப்பத்தில் நோய் எதிர்ப்பு சற்று மாறுவதால், அதுவரை அடங்கியிருந்த வைரஸ் தலைதூக்கும், இருக்கிற மருவும் வேகமாக வளரும். ஆகவே மருவை மட்டும் வைத்து அவர் மீது வழக்குப் போடாதீர்கள்.

ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது: கீழே இருப்பவை தட்டையாக, ஈரமாக இருக்கின்றன என்பது. ஹெச்.பி.வி. மரு பொதுவாகச் சேவல் கொண்டை போல மேற்பரப்பு பிளந்து, சொரசொரப்பாக இருக்கும். அடி அகன்று, மேலே தட்டையாக, சாம்பல் வெள்ளை நிறத்தில் கசிந்துகொண்டு தோல் மடிப்புகளில் வருபவை மருவாக இல்லாமல், சிபிலிஸ் என்ற பாலியல் தொற்று நோயின் இரண்டாம் கட்டமாக இருக்கலாம். வலிக்காது. சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் அரிக்காத செந்தடிப்புகளும் வாயில் வெண்திட்டுகளும் சேர்ந்து வரும். ஈரமான மடிப்பில் சாதாரண மருவும் ஊறிப்போய் இப்படித் தெரிவதுண்டு. கண்ணால் பார்த்து முடிவு கட்டக் கூடாது, ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

‘மூன்றாம் மாதம் சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள், நெகட்டிவ்’ என்பீர்கள். அதற்குப் பிறகு தோன்றியதற்கு அது பதில் ஆகாது. மறுபடி எடுங்கள், கூடவே சிபிலிஸை உறுதி செய்யும் டி.பி.ஹெச்.ஏ. பரிசோதனையும் கேளுங்கள். இரண்டாம் கட்டத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருப்பதால், நீர்க்கச் செய்யாத ரத்தத்தில் வி.டி.ஆர்.எல். பொய்யாக நெகட்டிவ் காட்டுவதுண்டு. சந்தேகம் இன்னது என்று மருத்துவர் சீட்டில் எழுதினால், ஆய்வகத்தில் நீர்க்கச் செய்தும் பார்ப்பார்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனையையும் அன்றே முடித்துவிடுங்கள். இதற்கு அடுத்த மாத செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். சிகிச்சை இல்லாத சிபிலிஸ் குழந்தையை வயிற்றிலேயே கொல்லும், அல்லது நோயோடு பிறக்க வைக்கும். ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் பென்சத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஊசியில் குணமாகும், பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். கணவருக்கும் பரிசோதனை, ஊசி. உண்மையில் சிபிலிஸ்தான் என்றால் மேலே நான் சொன்ன கால கணக்கும் மாறும். இரண்டாம் கட்டம் பெரும்பாலும் சில மாதங்களுக்குள் தொற்றியதன் அடையாளம். அந்தப் பேச்சை ஊசி போட்ட பிறகு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடை மருந்தைத் தொடாதீர்கள். தூக்கியும் போட வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். லேபிளில் பொடோபிலின் அல்லது பொடோபிலோடாக்சின் என்று இருந்தால் கர்ப்பிணிக்கு அறவே ஆகாது, புண்ணான தோல் வழியே ரத்தத்தில் கலந்து கருவைப் பாதிக்கும். சாலிசிலிக் அமிலம் என்று இருந்தால் அது பாதத்து ஆணிக்கான மருந்து, இந்த இடத்தின் மெல்லிய தோலைப் பொசுக்கிவிடும். வெந்த புண்ணைப் பார்த்து மருவா சிபிலிஸா என்று சொல்வது எங்களுக்கும் கஷ்டம். எருக்கம்பால், சுண்ணாம்பு, தலைமுடியால் கட்டி இறுக்குவது எல்லாம் இதே கணக்குதான். அரிப்புக்குப் போடும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இன்னும் மோசம், மரு பெருகும். மருவுக்குத் தடவும் இமிக்விமாட் கிரீமும் பிரசவம் வரை வேண்டாம்.

கர்ப்பத்தில் தயங்காமல் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது. மருவும் அதைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரும் வெளுக்கும்வரை பீய்ச்சி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர்வார்கள். மற்றது 80–90 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம். சுற்றிலும் வாசலின் தடவி, பல்குத்தும் குச்சி நுனியில் சுற்றிய பஞ்சால் மருவின் மேல் மட்டும் தொட்டுவைப்பார்கள். சில நொடியில் அது பனி படிந்தது மாதிரி வெளுக்கும். அது காயும்வரை காலைச் சேர்க்கக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. வழிந்தால் நல்ல தோலும் வெந்துவிடும், அதற்காகத்தான் பக்கத்தில் சோடா உப்போ பவுடரோ வைத்திருப்பார்கள். வாரம் ஒருமுறை, பல வாரம். உதிர்ந்த பிறகும் முதல் மூன்று மாதத்தில் திரும்ப முளைப்பது சகஜம், அதை வைத்தியம் தோற்றதாக எண்ண வேண்டாம். சின்னவையாக இருந்தால் விட்டுவைத்தும் பார்க்கலாம், பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானாகவே சுருங்கும்.

மற்ற பயங்கள். மருவுக்காக மட்டும் சிசேரியன் செய்வதில்லை. வழியையே அடைக்கும் அளவு வளர்ந்தாலோ, கிழிந்து அதிக ரத்தம் போகும் என்றாலோதான் அந்த யோசனை. குழந்தைக்குத் தொண்டையில் மரு வருவது மிக அபூர்வம், சிசேரியன் செய்தாலும் அதை முழுதாகத் தடுக்க முடியாது. பிற்பாடு குழந்தையின் குரல் வாரக்கணக்கில் கரகரத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். புற்றுநோய்க்குக் காரணமானவை ஹெச்.பி.வி.யின் 16, 18 போன்ற வேறு வகைகள். மரு கறுத்தாலோ, கல்லாக இறுகினாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ ஒரு துண்டு எடுத்துப் பயாப்சி செய்ய வேண்டும். வெள்ளைப்படுதல் கர்ப்பத்தில் கூடத்தான் செய்யும். தயிர்த் திப்பி மாதிரி வந்து அரித்தால் பூஞ்சை. பரிசோதிக்கும்போது அதையும் சொல்லுங்கள், பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை தருவார்கள்.

கணவருக்கு மரு தெரிந்தால் சிகிச்சை உண்டு. தெரியாவிட்டால் அவருக்கு ஹெச்.பி.வி. பரிசோதனை எதுவும் தேவையில்லை. ரத்த முடிவு தெரியும்வரை உறவு வேண்டாம். அதன் பிறகும் மரு இருக்கும்வரை ஆணுறை போடட்டும், ஆனால் அது மூடாத தோல் வழியாகவும் இது பரவும். ஹெச்.பி.வி. தடுப்பூசி, ஏற்கெனவே இருக்கிற மருவைப் போக்காது, கர்ப்பத்தில் போடுவதும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு, தாய்ப்பால் கொடுக்கும்போதே கூடப் போடலாம். 0, 2, 6 மாதம் என மூன்று ஊசி. 16, 18 மட்டும் கொண்டதை வாங்காமல் 6, 11 வகைகளும் சேர்ந்ததாகக் கேளுங்கள்.