இழப்பீட்டுத் தொகை எப்படி முடிவாகிறது?

கேள்வி: இன்னொருவரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தில் என் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, முன்பு பார்த்த வேலையை இப்போது செய்ய இயலவில்லை. எனக்கு ஏற்கெனவே எலும்புத் தேய்மானம் இருந்தது. விபத்தில் என் பக்கமும் சிறு தவறு உண்டு. வழக்குத் தொடுத்தால் இழப்பீட்டை எவ்வாறு கணக்கிடுவார்கள்?

பதில்: எதிர்வாதியின் தவறு எவ்வளவு பெரியது என்பது பொதுவாக இழப்பீட்டுக்கு அளவுகோல் ஆகாது; உங்களுக்கு நேர்ந்த இழப்பு எவ்வளவு என்பதே அளவுகோல். அந்தத் தவறு நிகழாதிருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ, பணத்தால் இயன்றவரை அந்த நிலையில் உங்களை வைக்க வேண்டும் என்று அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை 1880-இல் வகுத்த நெறியைப் பொதுச் சட்ட மரபை, அதாவது முந்தைய தீர்ப்புகளை வழிகாட்டியாகக் கொள்ளும் ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளின் நீதிமன்றங்கள் இன்றும் கடைப்பிடிக்கின்றன.

மருத்துவச் செலவையும் தீர்ப்பு நாள் வரை இழந்த ஊதியத்தையும் ரசீதுகளைக் கொண்டு கணக்கிட்டுவிடலாம். கடினமானது எதிர்கால வருமான இழப்பு. ஆண்டு இழப்பை ஓர் எண்ணால் பெருக்குவது பரவலான முறை. அந்த எண், நீங்கள் ஓய்வு பெறும்வரை எஞ்சியுள்ள ஆண்டுகளைவிடக் குறைவாகவே இருக்கும். ஏனெனில் பல ஆண்டுகளில் வரவேண்டிய பணம் இப்போதே மொத்தமாகக் கைக்கு வருகிறது, விபத்தே நடக்காவிட்டாலும் நோயோ வேலையிழப்போ குறுக்கிட்டிருக்கலாம். வலிக்கும் வேதனைக்கும் இத்தகைய கணக்கு இல்லை. ஒத்த காயங்களுக்கு முன்பு வழங்கப்பட்ட தொகைகளை நீதிபதி ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

தேய்மானம் இருந்தது என்பதால் நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை. உருகிய உலோகம் தெறித்து உதட்டில் சுட்ட தொழிலாளி ஒருவர், அந்த இடத்தில் முன்பே இருந்த புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் முற்றி இறந்தபோது, அந்த மரணத்துக்கு முதலாளியே பொறுப்பு என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தது. காயப்படுத்தியவர், எதிரில் இருப்பவரை அவர் இருக்கும் நிலையிலேயே ஏற்க வேண்டும் என்பதே விதி. இதை நான் மிகவும் நியாயமானதாகக் கருதுகிறேன். எனினும் விபத்து இல்லாமலே அந்தத் தேய்மானம் சில ஆண்டுகளில் உங்களை முடக்கியிருக்கும் என்று எதிர்த்தரப்பு மருத்துவச் சான்றால் நிறுவினால், எதிர்கால இழப்புக்கான தொகை அந்த அளவுக்குக் குறையும்.

உங்கள் தவறு 25 சதவீதம் என்று நீதிபதி முடிவு செய்தால், மொத்தத் தொகையில் அந்தப் பங்கு கழிக்கப்படும். இங்கிலாந்தில் 1945-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, வாதியின் பக்கம் சிறு தவறு இருந்தாலும் கோரிக்கையே அடிபட்டுப் போகும் கொடுமை இருந்தது. உங்களால் இயன்ற மாற்று வேலையையோ மருத்துவர் கூறிய நியாயமான சிகிச்சையையோ காரணமின்றி மறுத்தாலும் தொகை குறையக்கூடும்.

பெரும்பாலும் இழப்பீடு ஒரே தவணையில் இறுதியாகத் தரப்படுவதால், பின்னர் உடல்நிலை மோசமானாலும் அதே காயத்துக்காக மறுபடி வழக்கிட இயலாது. ஆகவே காயத்தின் நிலை தெளிவாகி, இனி எவ்வளவு வேலை செய்ய முடியும் என்று மருத்துவர் எழுத்தில் தரும்வரை எந்தச் சமரசத்துக்கும் கையெழுத்திடாதீர்கள். அதே சமயம், வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு கடந்துவிடாமல் வழக்கறிஞரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.