சாவியை யாரிடம் கொடுப்பது? தன்னார்வத் தலைமை குறித்த கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் வாசகசாலை, அயல்கூட்டம் (அக்கம்பக்கத்துப் பெண்களின் குழு), பாலியேட்டிவ் பராமரிப்பு (தீரா நோயாளிகளின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பணி) ஆகியவற்றில் உழைக்கும் நண்பர்கள் பலர் கேள்விகளை அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, எனக்குப் பழக்கமுள்ளவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

வடகரப்பதியிலிருந்து ஒரு வாசகசாலைச் செயலாளர்: அக்கா, பதினான்கு ஆண்டுகளாக நானே செயலாளர். வேலை என்றால் இளைஞர்கள் ஓடி வருகிறார்கள். பொறுப்பு என்றால் "நீங்களே இருங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் வேலைக்கு அஞ்சவில்லை. பதினான்கு ஆண்டுகளாக உங்கள் தலைக்குள் மட்டுமே இருக்கும் ஒன்றை ஒரே நாளில் தூக்கிச் சுமக்க வேண்டுமே என்று அஞ்சுகிறார்கள். செயலாளர் என்ற ஒரு சொல்லுக்குள் கூட்ட அறிவிப்பு, தீர்மானப் புத்தகம், வரவு செலவு, பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நடப்பது, நூல் வாங்குவது, மனத்தாங்கலைத் தீர்ப்பது என எத்தனை வேலைகள் அடங்கியிருக்கின்றன என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஒருவரிடம், பெயர் சொல்லி, எதுவரை என்பதையும் சொல்லி ஒப்படையுங்கள். "யாராவது எடுத்துச் செய்யுங்கள்" என்று கூட்டத்தில் கேட்டால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். "மார்ச் முடியும்வரை ரொக்கப் புத்தகத்தை நீ எழுது, சனிக்கிழமை மாலைகளில் நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று தனியே கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

எங்கள் வாசகசாலையில் கல்லூரி முதலாண்டு மாணவி ஒருத்தியிடம் ரொக்கப் புத்தகத்தை இப்படித்தான் கொடுத்தேன். மூன்றாம் மாதம் கையிருப்பில் 340 ரூபாய் குறைந்தது. எங்கே விட்டுப்போயிற்று என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது: ஆண்டுவிழாவுக்கு எடுத்த நாற்காலி வாடகை பதியப்படவில்லை. பேனாவை வாங்கி எழுதிவிடக் கை துடித்தது, அடக்கிக்கொண்டேன். அவள் கம்பியில் குத்தியிருந்த ரசீதுகளை ஒவ்வொன்றாக உருவி, புத்தகத்தோடு ஒத்துப்பார்த்துப் பென்சிலால் குறியிட்டுக்கொண்டே வந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து அந்த மஞ்சள் ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தாள். நான் திருத்தியிருந்தால் கணக்கு மட்டும் சரியாகியிருக்கும். அடுத்த பொதுக்குழுவில் கணக்கைப் படித்ததும், பெரியவர்களின் குறுக்குக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொன்னதும் அவள்தான். இன்று வாசகசாலைச் சாவியும் அவளிடம்தான் இருக்கிறது.

நீங்கள் விலகும் தேதியை ஆறு மாதம் முன்பே அறிவித்துவிடுங்கள். விலகிய பின் சில மாதங்களுக்கு, அழைத்தாலன்றி, செயற்குழுவில் போய் அமராதீர்கள். நீங்கள் அங்கே இருந்தால் எல்லாக் கண்களும் உங்கள் பக்கமே திரும்பும்.

எருத்தேம்பதியிலிருந்து ஓர் அயல்கூட்டத் தலைவி: கூட்டத்தில் எப்போதும் இரண்டு மூன்று பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்களுக்குப் படிப்பு குறைவு. அவர்களைத் தலைமைக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும், அயல்கூட்டங்களை நடத்தும் கேரள அரசின் பெண்கள் திட்டமான, 1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீயின் அமைப்பிலேயே அதற்கு இடமிருக்கிறது. பத்து முதல் இருபது பெண்கள் கொண்ட ஓர் அயல்கூட்டத்தில் தலைவர், செயலாளர் தவிர வருமானம், சுகாதாரமும் கல்வியும், அடிப்படை வசதி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே தொண்டர்கள் உண்டு. நான் பார்த்த பல கூட்டங்களில் இந்த மூவரின் பெயர் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் இவர்கள் மூவரும் எழுந்து இரண்டிரண்டு நிமிடம் தம் பொறுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும் என்று வழக்கப்படுத்துங்கள். கூட்டம் எந்த வீட்டில் நடக்கிறதோ அந்த வீட்டுக்காரரே அன்று நடத்தட்டும். தன் வீட்டுத் திண்ணையில் பேசாத பெண் இல்லை.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2002 ஏப்ரல் 22 அன்று குளிர்பான ஆலைக்கு எதிரான போராட்டம் தொடங்கியபோது முன்னணியில் நின்ற மயிலம்மா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். தம் குடியிருப்பின் கிணற்று நீர் கெட்டதைப் பற்றி, தமக்கு நேராகத் தெரிந்ததைப் பேசினார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. உங்கள் கூட்டத்தில் வாய் திறக்காத பெண்ணிடம் பொதுவாக ஏதும் கேட்காமல், அவர் நாள்தோறும் படும் ஒன்றைப் பற்றிக் கேளுங்கள்.

முதலமடையிலிருந்து ஓர் இளைஞர்: பாலியேட்டிவ் தொண்டர்களுக்கு ஒருநாள் முகாம் நடத்தினால் போதுமா?

போதாது, தம்பி. தொண்டர்களை வைத்தே இந்தப் பணியைப் பரப்பிக் காட்டிய மலப்புறம் மாவட்டத்து முறையில் 16 மணி நேர வகுப்பும், அதன்மேல் நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் உண்டு. வகுப்பைக் குறைத்தாலும் அந்த நான்கு நாளைக் குறைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதன்முதலில் என்னை ஓர் அமைப்பு அரைநாள் உரையோடு வீடுகளுக்கு அனுப்பியது. புற்றுநோய் முற்றிய ஒருவரின் மகனிடம், ஆறுதல் என்று எண்ணி, "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டேன். அவர் தோட்டத்தின் ஒரு பகுதியை விற்று மறுபடி பெரிய மருத்துவமனைக்கு அலைந்தார். பின்னாளில் ஒரு செவிலியரோடு போனபோதுதான் கற்றேன்: அந்தச் செவிலியர் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து, "டாக்டர் உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது. புதியவர் முதலில் உடன் போய்ப் பார்க்கட்டும். பிறகு அவர் பேச, பழையவர் பார்க்கட்டும். திரும்பும் வழியில் இருவரும் அதைப் பேசிக்கொள்ளட்டும். அதன் பின்னரே அவர் தலைமையில் ஒரு குழுவை அனுப்புங்கள்.

வேலந்தாவளத்திலிருந்து: எங்கள் தொண்டர்களுக்குத் தமிழ்தான் எழுத வரும். அலுவலகக் கடிதம் என்றால் மலையாளம் தெரிந்த ஒரே ஒருவரை நம்பியிருக்கிறோம்.

அந்த ஒருவர் விரும்பாமலே நிரந்தரத் தலைவராகிவிடுவார். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கூடவே இரண்டு மூன்று பேரையாவது மலையாளம் படிக்கவும் எழுதவும் பழக்குங்கள். பேச்சு ஏற்கனவே வரும் என்பதால் நம் பிள்ளைகளுக்கு அது கடினமில்லை.

மீனாட்சிபுரத்திலிருந்து: எங்கள் தொண்டர்கள் வெவ்வேறு கட்சிக்காரர்கள். ஒருவரைத் தலைவராக்கினால் மற்றவர்கள் ஒதுங்குகிறார்கள்.

கட்சி இல்லாதவரைத் தேடாதீர்கள். நம் ஊரில் கிடைக்க மாட்டார். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, எல்லார் முன்னிலையிலும் மாதக் கணக்கு வாசிப்பு, முன்கூட்டியே குறித்த பதவிக்காலம் ஆகிய மூன்றும் இருந்தால் ஐயம் பெரிதும் குறையும்.

கோபாலபுரத்திலிருந்து ஓர் ஆசிரியை: பழக்கி எடுத்த பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். மனம் சோர்ந்துவிடுகிறது.

அந்தச் சோர்வு எனக்கும் வந்திருக்கிறது, அம்மா. பிழைப்புக்குப் போகிறவர்களைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஒவ்வொரு பொறுப்புக்கும் தொடக்கத்திலிருந்தே இருவரை வையுங்கள்: ஒருவர் செய்பவர், மற்றவர் உடனிருந்து கற்பவர். போகிறவர் பஸ் ஏறுவதற்கு முந்திய வாரம், தாம் செய்துவந்ததை ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்த அலுவலகம், எந்த மேசை, எந்தக் கிழமை போனால் ஆள் இருப்பார் என்பதுவரை. எங்களிடம் அப்படி ஒன்பது நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. திருப்பூருக்குப் போன ஒரு பையன் பொங்கலுக்கு வந்தபோது தன் நோட்டைக் கேட்டு வாங்கி, பழைய தொலைபேசி எண்களை அடித்துவிட்டுப் புதியவற்றை எழுதி வைத்துவிட்டுப் போனான்.