கடலில் ஒரு சென்ட்: சிப்பிப் பண்ணைக் குத்தகை பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்திலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. ஆய்ஸ்டர் சிப்பி, மஸல், ஸ்காலப், மட்டி ஆகியவற்றை வளர்க்கக் கடலில் இடம் வாங்குவது எப்படி என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். இடம் தருவது மாநிலக் கடல்வளத் துறை. கட்டணமும் படிவமும் அவ்வப்போது மாறுகின்றன. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் துறையின் இணையதளத்தில் இருப்பதையே பின்பற்றுங்கள்.

வேலை நேரம் போக, வார இறுதியில் சிப்பி வளர்த்துப் பார்க்க ஆசை. எடுத்த எடுப்பில் குத்தகைதான் கேட்க வேண்டுமா? (போர்ட்லண்ட் வாசகர்)

வேண்டாம். மெய்னில் மூன்று படிகள் உள்ளன. முதல் படி எல்.பி.ஏ. என்று அழைக்கப்படும் சிறு உரிமம். இது குத்தகை அல்ல. நங்கூரக் கயிறுகளை விட்டுவிட்டு, கூண்டு, பை போன்ற சாதனங்கள் 400 சதுர அடிக்குள் அடங்க வேண்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, ஆக இது நம் ஊர்க் கணக்கில் ஒரு சென்ட்டுக்கும் குறைவு. ஒருவர் நான்கு உரிமங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். அடுத்தது சோதனைக் குத்தகை: அதிகபட்சம் 4 ஏக்கர், 3 ஆண்டுகள். வணிகத்துக்காக எடுத்தால் இதைப் புதுப்பிக்க முடியாது. கடைசியாக நிலையான குத்தகை: 100 ஏக்கர் வரை, 20 ஆண்டுகள் வரை, பிறகு புதுப்பிக்கலாம்.

முதலில் ஒன்றிரண்டு எல்.பி.ஏ. எடுங்கள். அந்த நீரில் சிப்பி எவ்வளவு வேகமாக வளர்கிறது, பாசி எப்படிப் பிடிக்கிறது, யாருடைய படகு எந்த மாதம் அந்த வழியே வருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பின்னால் குத்தகை விண்ணப்பத்தில் எழுத வேண்டியதும் இவைதான். எல்.பி.ஏ. படிவத்தில் ஊர்த் துறைமுக அதிகாரியின் கையொப்பம் வேண்டும். காகிதத்தை நீட்டிக் கையொப்பம் மட்டும் கேட்காதீர்கள். வரைபடத்தோடு போய் உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கடலின் போக்குவரத்தை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

கடற்கரையை ஒட்டி வீடு வாங்கியிருக்கிறோம். வீட்டுக்கு நேர் எதிரே உள்ள கடலில் எங்களுக்குத்தானே முதல் உரிமை? (பிரன்ஸ்விக் வாசகி)

இல்லை. ஆனால் உங்களுக்கென்று ஓர் உரிமை இருக்கிறது. 1640களில் மாசசூசெட்ஸ் குடியேற்றம் போட்ட ஆணை ஒன்று இன்றும் மெய்னில் செல்லுகிறது. அதன்படி கரையோர நிலக்காரரின் சொத்து, நீர் வற்றும் கோடு வரை அல்லது 1,650 அடி வரை, இவற்றில் எது குறைவோ அதுவரை நீள்கிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவிலுள்ள சேற்றுப் பரப்பு உங்களுடையது. அங்கே மீன் பிடிக்கவும் பறவை வேட்டையாடவும் படகு விடவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. வற்றுக் கோட்டுக்கு அப்பால் உள்ள கடற்படுகை மாநிலத்துடையது. புறம்போக்கு போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிடைப்பது பட்டா அல்ல, வரம்போடு தரப்படும் அனுபோகம்தான்.

ஆகவே வேறொருவர் உங்கள் வீட்டுக்கு எதிரே விண்ணப்பித்தால் தடுக்க முடியாது. ஆனால் உங்கள் கரைக்குப் படகில் வந்துபோகும் வழியை அவர் அடைக்கக் கூடாது. அவருடைய எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் நிலம் வைத்திருப்போருக்குக் குத்தகை விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு வந்தாக வேண்டும். ஒருவேளை நீங்களே சேற்றுப் பரப்பில் வளர்க்க நினைத்தால், நிலக்காரர் சம்மதம் உங்கள் கையில் இருக்கிறது. இருந்தாலும் ஊராட்சிக்கு மட்டிப் பாதுகாப்புத் திட்டம் இருந்தால் அதன் ஒப்புதலும் வேண்டும். மட்டி தோண்டிப் பிழைப்பவர்கள் அந்தப் பரப்பை நம்பியிருக்கிறார்கள், அதை மறக்க வேண்டாம்.

விண்ணப்பங்கள் எதனால் அடிபடுகின்றன? இடம் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (பாத் வாசகர்)

துறை சில கேள்விகளைத்தான் கேட்கிறது. கரைக்காரர் வந்துபோக முடியுமா? படகுப் போக்குவரத்து இடறுமா? அங்கே ஏற்கெனவே நடக்கும் மீன்பிடிப்பும் பிற பயன்பாடும் பெரிதாகக் கெடுமா? படுகையிலும் சுற்றிலும் உள்ள உயிர்கள் தாங்குமா? அரசுப் பூங்கா, கடற்கரை, படகுத்துறையிலிருந்து 1,000 அடிக்குள் இருந்தால் அதன் பயன்பாடு பாதிக்குமா? விதை, அதாவது குஞ்சுச் சிப்பி, எங்கிருந்து வருகிறது? சத்தமும் விளக்கும் எவ்வளவு?

இவற்றில் பலருக்கும் சிக்கல் தருவது மூன்றாவது கேள்வி, அதாவது ஏற்கெனவே நடக்கும் பயன்பாடு. ஜூன் மாதக் காலையில் போய்ப் பார்த்தால் வெற்றுக் கடலாகத் தெரியும். ஆகஸ்டில் அதே இடத்தில் லாப்ஸ்டர் கூடுகளின் மிதவைகள் நெருக்கமாகக் கிடக்கும். இலையுதிர் காலத்தில் கூடுகள் ஆழத்துக்கு நகர்ந்துவிடும். ஒரு முறை பார்த்ததை வைத்து ‘இங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை’ என்று எழுதினால், துறையின் பொது விசாரணையில் ஒரே ஒரு லாப்ஸ்டர்காரர் எழுந்து பேசினாலே உங்கள் சொல்லின் மதிப்பு போய்விடும், மற்ற பக்கங்களில் எழுதிய உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆகவே ஏற்றம், வற்றம், வார நாள், வார இறுதி என்று மாற்றி மாற்றிக் குறைந்தது ஓர் ஆண்டு பார்த்து, தேதியும் மிதவை எண்ணிக்கையும் குறித்துவையுங்கள். அந்த நோட்டை அப்படியே விண்ணப்பத்தில் பயன்படுத்தலாம்.

அடுத்தது நீரின் தரம். மாநிலம் தன் கரைநீரை அனுமதிக்கப்பட்டது, நிபந்தனையோடு அனுமதிக்கப்பட்டது, கட்டுப்படுத்தப்பட்டது, தடைசெய்யப்பட்டது என்று பிரித்து வரைபடம் போட்டிருக்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேற்றக் குழாயைச் சுற்றித் தடைப் பகுதி இருக்கும். படகுகள் நிறைய நிற்கும் துறைகளை ஒட்டியும் அறுவடைக்கு மூடல் வரும். நிபந்தனைப் பகுதிகளில் சில, கனமழை பெய்ததும் மூடப்படும். உணவகத்துக்கு வாரந்தோறும் தருவதாக வாக்குக் கொடுத்தவருக்கு இது பெரிய அடி. கோடை மழைக்கு அந்தப் பகுதி எத்தனை முறை மூடப்பட்டது என்று துறையிடம் கேட்டுவிட்டு எல்லையை வரையுங்கள்.

படுகையில் ஈல்கிராஸ் என்னும் கடற்புல் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். மிதக்கும் கூண்டுகளின் நிழல் அதைக் கொன்றுவிடும். வெப்பமும் முக்கியம். டமரிஸ்காட்டா போன்ற கழிமுகங்களின் மேல்பகுதி கோடையில் சூடேறுவதால் சிப்பி வேகமாக வளர்கிறது. திறந்த கடலை ஒட்டிய குளிர்ந்த நீரில் அதே விதை மெதுவாகத்தான் வளரும், ஆனால் மஸலுக்கு அந்த நீர் பொருந்தும்.

நிலையான குத்தகை விண்ணப்பத்தில் எந்தப் பகுதியைக் கவனமாக எழுத வேண்டும்? (ராக்லண்ட் வாசகர்)

சாதன வரைபடமும் ஆழக் கணக்கும். மேலிருந்து பார்க்கும் படம், பக்கவாட்டு வெட்டுப் படம் இரண்டும் வேண்டும். கூண்டின் நீளம், அகலம், உயரம், அதிகபட்ச எண்ணிக்கை, வரிசைகளுக்கு நடுவே இடைவெளி, நங்கூரத்தின் வகையும் எடையும், கயிற்றின் நீளம் எல்லாம் அளவோடு இருக்க வேண்டும். எண்ணிக்கையை முதல் ஆண்டுக்கு மட்டும் எழுதிவிடாதீர்கள். அனுமதிக்கப்படாத சாதனத்தையோ இனத்தையோ பின்னால் சேர்க்கத் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். அதற்காக, தேவையே இல்லாத எண்ணை எழுதுவதும் தவறு. அத்தனை கூண்டும் நாளைக்கே வந்து நிற்பதாக நினைத்துத்தான் அக்கம்பக்கத்தார் பயப்படுவார்கள்.

கடல் வரைபடத்தில் அச்சாகியிருப்பது சராசரித் தாழ் வற்றத்தின் ஆழம். போர்ட்லண்டில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சராசரி வித்தியாசம் சுமார் 9 அடி, கிழக்கே ஈஸ்ட்போர்ட்டில் சுமார் 18 அடி. ஆகவே 6 அடி என்று காட்டும் இடத்தில் போர்ட்லண்ட் ஏற்றத்தின்போது 15 அடி நிற்கும். கயிற்றின் நீளத்தை இதற்கு மட்டும் கணக்கிட்டால் போதாது. 2024 ஜனவரி 13 புயலில் போர்ட்லண்ட் அளவுமானியில் நீர் அந்தத் தாழ் வற்ற மட்டத்துக்கு மேல் 14.57 அடிக்கு ஏறியது, அங்கே பதிவானதில் அதுவே மிக அதிகம். கயிறு குட்டையாக இருந்தால் ஏறும் நீர் நங்கூரத்தையே தூக்கிவிடும். கூண்டுகள் கரையேறினால் பொறுப்பு உங்களுடையது. கைவிட்ட பண்ணையை அப்புறப்படுத்தும் செலவுக்கென்று குத்தகை கையெழுத்தாகும்போது பிணைத்தொகையும் வாங்குகிறார்கள்.

மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தந்தபின், அவற்றை நீங்களே வரைபடத்தில் போட்டுப் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். எழுதிய ஏக்கரும் மூலைகள் தரும் ஏக்கரும் பொருந்தாமல் போவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரே ஓர் இலக்கம் இடம் மாறினால் பண்ணை கரைமேல் ஏறிவிடும். நிலக்காரர் பட்டியலை ஊராட்சியின் வரிப்பதிவிலிருந்து எடுத்துச் சான்று பெறுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதினால் யாராவது விடுபடுவார்கள். அந்த ஒருவருக்கு அறிவிப்பு போகாததே பின்னால் பெரிய விவகாரமாகும்.

குளிர்காலத்தில் சாதனத்தை என்ன செய்வீர்கள் என்பதையும் எழுத வேண்டும். நீர் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் சிப்பி உண்பதை நிறுத்திவிடும். பனிக்கட்டி வருமுன் கூண்டுகளைப் படுகைக்கு இறக்குவது வழக்கம். வற்றத்தின்போதும் பனிக்கட்டி கூண்டைத் தொடாத ஆழம் வேண்டும். படுகை இளஞ்சேறாக இருந்தால் கூண்டு புதைந்து சிப்பி மூச்சடைத்துச் சாகும். இது விண்ணப்பத்துக்கான விவரம் மட்டுமல்ல, உங்கள் முதலீடே இதில் இருக்கிறது.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். என் பெயரில் எடுக்கலாமா? (பாஸ்டன் வாசகர்)

குத்தகையை நிறுவனத்தின் பெயரிலும் எடுக்க முடியும். பிரச்சினை கடல்வளத் துறையிடம் இல்லை, குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. எச்-1பியில் உங்களுக்காக மனுச் செய்த முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். பங்கு வைத்திருப்பது வேறு. பண்ணையில் இறங்கிக் கூண்டு திருப்புவது வேலை. எச்-4 விசாவில் உள்ள துணைவருக்கு வேலை அனுமதி அட்டை கிடைத்திருந்தால் அவர் சுயதொழில் செய்யலாம். பணம் போடுமுன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

400 சதுர அடியில் எத்தனை சிப்பி வளர்க்கலாம்? (போர்ட்லண்ட் வாசகியின் கேள்வி)

வழக்கமான மிதவைப் பை ஒன்றரை அடிக்கு மூன்று அடி, அதாவது நாலரை சதுர அடி. காகிதத்தில் 88 பை வரும். கயிறும் இடைவெளியும் போக 60 என்று வையுங்கள். விற்கும் அளவான 3 அங்குலச் சிப்பியை ஒரு பையில் 200க்கு மேல் திணித்தால் ஓடு மெலிந்து நீண்டுபோகும். 60 பையில் 12,000 என்று தோன்றும், ஆனால் அந்த அளவுக்கு வளர 2 முதல் 3 ஆண்டு ஆகும். மூன்று வெவ்வேறு வயதுச் சிப்பிகள் ஒரே நேரத்தில் இடம் பிடிக்கும். ஆகவே ஆண்டுக்கு 4,000 முதல் 5,000 வரை எதிர்பார்க்கலாம்.

6 மில்லிமீட்டர் விதைக்கு 4 மில்லிமீட்டர் கண்ணியுள்ள பை போதும். வளர வளர 9 மில்லிமீட்டர் கண்ணிக்கு மாற்றுங்கள். சிறிய கண்ணியிலேயே விட்டால் பாசி அடைத்து நீரோட்டம் நின்றுவிடும். கோடையில் வாரம் ஒருமுறை அல்லது இருவாரத்துக்கு ஒருமுறை பையைத் திருப்பி, மேல்பக்கம் ஒரு நாள் வெயிலில் காய வேண்டும். இரண்டு மாத விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் தொடங்கவே கூடாது.

விதையை விலை மலிவு என்று வேறு மாநிலத்திலிருந்து காரில் கொண்டுவந்துவிடாதீர்கள். துறை ஏற்ற பொரிப்பகங்களிலிருந்தே வாங்க வேண்டும். ஒரு நோய்ப் பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் அனுமதி வேண்டும். 2010இல் டமரிஸ்காட்டா ஆற்றில் எம்.எஸ்.எக்ஸ். ஒட்டுண்ணி நோய் வந்து சிப்பிகள் பெருமளவில் செத்தன. மனிதருக்கு அதனால் கேடில்லை, பண்ணைக்காரருக்குத்தான் அழிவு.

சிப்பியோடு ஸ்காலப்பும் வளர்க்கலாமா? (டமரிஸ்காட்டா வாசகர்)

இரண்டு இனத்தையும் விண்ணப்பத்தில் அறிவியல் பெயரோடு குறிப்பிட்டால் வளர்க்கலாம். ஸ்காலப்பின் மூடுதசையை, அதாவது ஓட்டை மூடும் தசையை, மட்டும் விற்பது எளிது. சினையோடு விற்க நினைத்தால், செந்நீர்ப் பெருக்கில் (நச்சுப் பாசி பெருகுவதில்) வரும் முடக்குநச்சு சினை போன்ற உறுப்புகளில் நீண்ட நாள் தங்குவதால், துறையோடு தனி ஒப்பந்தமும் நச்சுப் பரிசோதனையும் தேவை. இந்த நச்சு 100 கிராம் இறைச்சியில் 80 மைக்ரோகிராமை எட்டினால் அறுவடை நிற்க வேண்டும்.

அக்கம்பக்கத்தார் எதிர்க்கிறார்கள். பொது விசாரணையில் என்ன நடக்கும்? எவ்வளவு நாள் ஆகும்? (பெல்ஃபாஸ்ட் வாசகர்)

நிலையான குத்தகை என்றால் முதலில் துறையோடு முன்சந்திப்பு, பிறகு நீங்களே ஊரில் கூட்டும் கருத்துக்கேட்பு, அதன்பின் விண்ணப்பம். விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்றதும் துறையின் ஆட்கள் நீரில் இறங்கிப் படுகையைப் பார்த்து அறிக்கை தருவார்கள். சோதனைக் குத்தகையில் 5 பேரோ அதற்கு மேலோ கேட்டால் பொது விசாரணை நடந்தே தீரும். நிலையான குத்தகைக்கும் விசாரணை வரும் என்றே தயாராகுங்கள். அங்கே பேசுவது சத்தியப்பிரமாணத்தின் மேல். ஊராட்சியும் நேரடியாகப் பாதிக்கப்படுவோரும் தரப்பினராகச் சேர்ந்து உங்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தொடக்கம் முதல் தீர்ப்பு வரை இரண்டு ஆண்டு, சில நேரம் அதற்கு மேலும் ஆகும்.

வீட்டு விலை குறையும் என்ற வாதம் சட்டத்தின் அளவுகோலில் இல்லை. காட்சி கெடுகிறது என்பதற்கு விதி பார்ப்பது சாதனத்தின் நிறமும் கட்டடத்தின் உயரமும்தான். ஆனால் ‘அதிகாலை 5 மணிக்கு எந்திரச் சத்தம்’ என்பது நியாயமான குறை. அதற்கு வாதாடாதீர்கள். கழுவும் எந்திரம் எத்தனை மணிக்கு, வாரம் எத்தனை நாள் ஓடும் என்று வரம்பை நீங்களே எழுதிக் கொடுங்கள். கருத்துக்கேட்பில் வந்த எதிர்ப்புக்கு இணங்கி எல்லையை 200 அடி நகர்த்தியவர், விசாரணையில் அதைச் சொல்லிக்காட்ட முடியும்.

சோதனைக் குத்தகையில் இருப்பவர்கள் மூன்றாம் ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல், முதல் ஆண்டிலேயே நிலையான குத்தகைக்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

குத்தகை கிடைத்துவிட்டது. உடனே கூண்டுகளை இறக்கலாமா? (ராக்லண்ட் வாசகர்)

ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். போக்குவரத்துள்ள நீரில் எதைக் கட்டினாலும், 1899ஆம் ஆண்டு ஆறு, துறைமுகச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி அது வேண்டும். மாநிலக் குத்தகை அதற்கு ஈடாகாது. மூலைகளில் மஞ்சள் மிதவை போட்டு, குத்தகை அடையாளத்தையும் ‘கடல் பண்ணை’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களையும் 2 அங்குல எழுத்தில் எழுதுங்கள். நிலையான குத்தகைக்கு ஏக்கருக்கு ஆண்டு வாடகை 100 டாலர். அறுவடை செய்து விற்க வளர்ப்பு உரிமம் தனியாக வேண்டும். உணவகத்துக்கு நேராகக் கொடுக்கச் சான்று பெற்ற வணிகர் உரிமம் தேவை. அது இல்லாவிட்டால், அந்த உரிமம் உள்ளவர் வழியாகத்தான் விற்க முடியும். ஒவ்வொரு பைக்கும் அறுவடை நாளும் இடமும் எழுதிய அட்டை கட்டுங்கள். வாங்கும் உணவகம் அந்த அட்டையை 90 நாள் வைத்திருக்கும். யாருக்காவது வயிறு கெட்டால், எந்த நீரிலிருந்து அந்தச் சிப்பி வந்தது என்று கண்டுபிடிக்க அந்த அட்டைதான் உதவும்.