ஆகஸ்ட் மாதத்தில் ஏரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் டெக்சாஸில் டென்டனுக்கு அருகே குடியிருக்கிறேன். வசந்த காலத்து மீன்பிடிப்பைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் தூண்டில் வாங்கினேன். ஏப்ரலில் ரே ராபர்ட்ஸ் ஏரிக்கரையில் நின்றபடியே ஒரு காலைக்கு மூன்று, நான்கு லார்ஜ்மவுத் பாஸ் (அகன்ற வாயுள்ள நன்னீர் மீன்) பிடித்தேன். ஜூலை பிறந்ததிலிருந்து ஆறு சனிக்கிழமைகள் போய்விட்டன, ஒன்றுகூடக் கொத்தவில்லை. வெயிலுக்கு அஞ்சி மீன்கள் ஆழத்துக்குப் போயிருக்கும் என்று எண்ணி, நண்பரின் படகில் சென்று 40 அடி ஆழத்தில் இரை போட்டுப் பார்த்தேன். அங்கும் அசைவே இல்லை. படகுத்துறையில் ஒரு பெரியவர், “ஆகஸ்டில் நாங்கள் பாஸைத் தேடுவதில்லை, வேறு மீனுக்குப் போய்விடுவோம்” என்றார். வெயில் காலத்தில் பாஸ் உண்பதையே நிறுத்திவிடுமா? அவர்கள் அப்போது எந்த மீனைப் பிடிக்கிறார்கள்? பாஸுக்கென்று வாங்கிய தூண்டிலோடு வேறு மீனுக்குப் போவது தோல்வியை ஒப்புக்கொள்வது ஆகாதா?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

தங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை, தாங்கள் போகிற போக்கில் சொல்லிச் சென்ற அந்த 40 அடி ஆழத்தில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வெயில் ஏறினால் நாம் நிழலையும் குளிர்ச்சியையும் தேடிப் போவதுபோல மீனும் போகும் என்று நினைப்பது இயல்புதான். நானும் என் முதல் இரண்டு கோடைகளை அப்படியே வீணாக்கினேன். ஆனால் கோடையில் மீன் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது குளிர்ச்சி மட்டுமன்று, மூச்சும்தான். ஜூன் மாதத்திலிருந்து ஏரியின் மேல்தண்ணீர் சூடேறி எடை குறைந்து, கீழே கிடக்கும் குளிர்ந்த கனத்த தண்ணீரின் மேல் தனி அடுக்காக மிதக்கத் தொடங்குகிறது. காற்று எவ்வளவு வீசினாலும் மேலடுக்கு மட்டுமே கலங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய எல்லையை இங்குள்ளவர்கள் தெர்மோக்ளைன் என்கிறார்கள். ஏரிக்கு ஏரி மாறினாலும் நம் பக்கத்து நீர்த்தேக்கங்களில் அது பெரும்பாலும் 20 முதல் 30 அடிக்குள் அமைந்துவிடும், படகில் உள்ள, ஒலியலையால் ஆழம் காட்டும் சோனார் திரையில் ஒரு மங்கலான பட்டையாகத் தெரியும். அந்த எல்லைக்குக் கீழே புதிய காற்று போய்ச் சேர வழியில்லை. அங்கே அழுகும் இலைகளும் செத்து அடியில் படியும் பாசியும் இருக்கிற பிராணவாயுவையும் தின்று தீர்த்துவிட, ஜூலைக் கடைசியில் அது குளிர்ந்த, மூச்சற்ற தண்ணீராக ஆகிவிடுகிறது. ஒருமுறை கனமான ஈயக் குண்டு ஒன்றை அத்தகைய ஆழத்தில் இறக்கி, சிறிது நேரம் தரையில் கிடக்க விட்டுப் பின் வேகமாகச் சுற்றி எடுத்தேன். குண்டு கையில் சில்லென்றிருந்தது. அதில் ஒட்டியிருந்த கரிய சேற்றை மூக்கருகே கொண்டுபோனபோது அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. தங்கள் இரை அன்று கிடந்த இடம் அத்தகையதுதான்.

இனிப் பாஸைப் பற்றி. அது உண்பதை நிறுத்துவதில்லை. உண்மை அதற்கு நேர் எதிரானது. மீனின் உடல் தண்ணீரின் சூட்டையே தன் சூடாகக் கொள்வதால், கோடையில் தின்றது விரைவில் செரித்துவிடும். ஆகவே அதற்கு உணவு கூடுதலாகவே தேவைப்படும். ஆனால் அந்தப் பருவத்தில் ஷாட் என்னும் சிறுமீனின் குஞ்சுகள் ஏரியெங்கும் மொய்ப்பதால், விடியலிலோ அந்தியிலோ இரவிலோ சிறிது நேரத்தில் வயிற்றை நிரப்பிக்கொண்டு, மீதி நேரம் முழுவதும் படகுத்துறையின் நிழலிலோ மூழ்கிய மரத்தின் ஓரத்திலோ அந்த எல்லைக்குச் சற்று மேலே அசையாமல் நிற்கிறது. ஏப்ரலில் அது முட்டையிடக் கரைக்கு வந்திருந்தது. தாங்கள் மீனைத் தேடிப் போனீர்கள் என்பதைவிட மீன் தங்களைத் தேடி வந்தது என்பதே சரி. கோடையில் பாஸ் மந்தமாகிவிடும் என்பது தூண்டில் பிடிக்கும் நம் நினைப்புதான். இந்த இனத்தில் உலக சாதனையாகப் பதிவாகியிருக்கும் இரண்டு மீன்களுமே கோடையில் சிக்கியவை: 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீனும், 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்து அதற்கு இணையாக ஏற்கப்பட்ட மீனும்.

ஆயினும் நாள் முழுக்க வெயிலில் நின்று ஒரு கொத்துக்குக் காத்திருப்பதைவிட, அந்த வெயில் யாருக்கு ஒத்துப்போகிறதோ அந்த மீனிடம் போவது அறிவுடைமை என்பதைத்தான் தங்கள் பெரியவர் சொன்னார். நம் பகுதியில் அவர் முதலில் மனத்தில் வைத்திருந்தது ஒயிட் பாஸாகத்தான் இருக்கும். இங்கே எல்லோரும் அதை சேண்ட் பாஸ் என்றே அழைக்கிறார்கள். அது கரையையும் மரத்தையும் சார்ந்து வாழ்வதில்லை. நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் திறந்த தண்ணீரில் திரிந்து, ஷாட் கூட்டத்தைக் கீழிருந்து மேலே துரத்திப் பிராணவாயு நிறைந்த மேல்மட்டத்திலேயே வேட்டையாடும். காற்றில்லாத ஆகஸ்ட் காலையில், கண்ணாடிபோல் கிடக்கும் தண்ணீரில் ஓர் அறை அளவுக்கு மட்டும் திடீரென மழை பெய்வதுபோலக் கொப்பளித்தால் அதுதான் அறிகுறி. படகை அதன் நடுவே ஓட்டிவிடாமல் வீச்சுத் தொலைவிலேயே நிறுத்தி, ஒரு விரல் நீளமுள்ள வெள்ளி நிறத் தகட்டு இரையைக் கொப்பளிப்பின் மறுபக்கத்தில் எறிந்து வேகமாக இழுத்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் மீன் உண்டு. நான்கைந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கி, இருநூறு கஜம் தள்ளி மறுபடி எழும். டெக்சாஸில் ஒருவர் ஒரு நாளைக்கு 25 வரை வைத்துக்கொள்ளலாம். 10 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும். சமைப்பதாக இருந்தால், தோலை உரித்த பிறகு பக்கவாட்டில் தெரியும் செந்நிறச் சதையைக் கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள். அந்தக் கவிச்சியால்தான் பலர் இந்த மீனை ஒதுக்குகிறார்கள், அது போய்விட்டால் மிளகு வறுவலுக்கு இதைவிட நல்ல மீன் இந்த ஏரிகளில் குறைவு.

பெயரில் பாஸ் என்று இருந்தாலும் சேண்ட் பாஸுக்கும் தங்கள் லார்ஜ்மவுத்துக்கும் குடும்ப உறவு கிடையாது. லார்ஜ்மவுத்தின் உண்மையான பங்காளி, கரையோரத்தில் குழந்தைகள் பிடித்து விளையாடும் உள்ளங்கை அளவுள்ள புளூகில்தான். இரண்டும் சன்ஃபிஷ் என்ற ஒரே குடும்பம். படகில்லாத தங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் இதையே. பாஸ் ஒரு வசந்தத்தில் முடித்துவிடும் காரியத்தைப் புளூகில் மே முதல் ஆகஸ்ட் வரை பலமுறை செய்கிறது. முழங்கால் முதல் இடுப்பளவு தண்ணீரில், சரளைக்கல் தரையில், தட்டு அளவுள்ள குழிகள் தேன்கூட்டு அறைகளைப்போல நெருக்கமாகத் தெரிந்தால் அது அவற்றின் முட்டைத்தளம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் தளம் நிறையும் என்று இங்குள்ள முதியவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். வாய் மிகச் சிறியது என்பதால் பாஸ் தூண்டிலின் பெரிய முள் உதவாது; எட்டு அல்லது பத்தாம் எண் சிறு முள்ளும், சிறு தக்கையும், அரை மண்புழுவும் போதும். சிறுவயதில் குளக்கரையில் உட்கார்ந்து செய்த அதே வேலைதான். தளத்தை அடுத்த ஆழமான ஓரத்தைக் கவனியுங்கள். புளூகில்லைத் தின்ன வரும் பெரிய பாஸ் அங்கேதான் நிற்கும். ஆறு சனிக்கிழமைகளாகத் தாங்கள் தேடிய மீனுக்கு இது நல்ல வழி என்பது என் எண்ணம், ஆனால் அதற்காகவே புளூகில் பிடிக்காதீர்கள். எடைக்கு எடை அதைப்போல இழுக்கும் நன்னீர் மீனை நான் பிடித்ததில்லை.

இரவில் கெளுத்தி. சேனல் கேட்ஃபிஷ் என்று இங்கே அழைக்கப்படும் கெளுத்திக்குத் தோல் முழுவதும் சுவை அரும்புகள் உண்டு, மீசையில் மட்டுமன்று. ஆகவே இருட்டும் கலங்கலும் அதற்குத் தடையில்லை, குறைந்த பிராணவாயுவையும் பாஸைவிடத் தாங்கும். அணைக்கட்டின் கற்சரிவில், பொழுது சாய்ந்த பிறகு, கோழி ஈரலைத் தையல் நூலால் முள்ளோடு சுற்றிக் கட்டி எறிந்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கட்டாமல் எறிந்தால் ஈரல் தனியாகப் பறந்துவிடும். கழற்றும்போது முதுகு முள்ளும் பக்க முட்களும் குத்தும் என்பதை ஊரில் கெளுத்தி ஆய்ந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோடையின் உண்மையான அரசன் கார் என்னும் நீண்ட அலகுள்ள மீன். நம் ஊர் விராலைப்போல இதுவும் மேலே வந்து காற்றை விழுங்கக்கூடியது. அதன் காற்றுப்பை நுரையீரலாகவும் வேலை செய்கிறது. மற்ற மீன்கள் மூச்சுக்குத் தவிக்கும் வெந்நீரில் இது கவலையின்றி உலவும். டிரினிட்டி ஆற்றில் ஆளைவிட நீளமான அலிகேட்டர் கார்கள் உண்டு; 2009 முதல் டெக்சாஸில் பெரும்பாலான இடங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான் அனுமதி, அது தங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். மெலிந்த லாங்நோஸ் கார் போதும். அதன் அலகு எலும்பாக இருப்பதால் முள் ஏறாது. அதற்கு இங்கே ஒரு விநோதமான இரை இருக்கிறது: வெள்ளை நைலான் கயிற்றில் ஒரு சாண் வெட்டி, இழை இழையாகப் பிரித்து, முள்ளே இல்லாமல் தூண்டில் நரம்பில் கட்டி எறிவது. மீன் கவ்வியதும் ஊசிபோன்ற பற்களில் இழைகள் சிக்கிக்கொள்ளும். வெடுக்கென்று இழுக்காமல் நரம்பைத் தளர்வில்லாமல் பிடித்திருந்தால் போதும். ஆனால் விடுவிக்கும்போது கனமான கையுறை அணிந்து கடைசி இழை வரை பிரித்தெடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் அது வாய் திறக்க முடியாமல் பட்டினியால் சாகும். சமைப்பதாக இருந்தால் சினையைத் தொடாதீர்கள், மனிதருக்கு நஞ்சு.

டெக்ஸோமா ஏரியின் ஸ்ட்ரைப்டு பாஸைப் பற்றி நண்பர்கள் தங்களை ஆசைகாட்டுவார்கள். மறுக்க மாட்டேன், ஆனால் ஓர் எச்சரிக்கை. அது குளிர்ந்த தண்ணீரையும் நிறைந்த மூச்சையும் ஒருசேரக் கேட்கும் மீன்; ஆகஸ்டில் மேலே சூடு, கீழே மூச்சின்மை என்று இரண்டுக்கும் நடுவில் நெருக்குண்டு நிற்கும். அந்த ஆழத்திலிருந்து சூடான மேல்தண்ணீருக்கு இழுத்துவரப்பட்டால், விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே அங்கே பிடித்து விடும் விளையாட்டு வேண்டாம். அனுமதித்த அளவை எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

தோல்வியா என்று கேட்டிருந்தீர்கள். பாஸுக்கென்று விற்ற தூண்டில் என்பது கடைக்காரரின் கணக்கு. அதன் நரம்பை மட்டும் ஆறு பவுண்டு எடை தாங்கும் நரம்பாக மாற்றிக்கொண்டால் புளூகில்லும் சேண்ட் பாஸும் அதிலேயே வரும். வரும் சனிக்கிழமை ஐந்தரை மணிக்கே தண்ணீரோரம் இருங்கள், ஒன்பது மணிக்கு வீடு திரும்பிவிடுங்கள். தங்கள் மீன்பிடி உரிமம் வழக்கமான ஆண்டு உரிமமாக இருந்தால் ஆகஸ்ட் 31-உடன் முடிகிறது. புதியது 15-ஆம் தேதி முதலே கிடைக்கும்.

அன்புடன்.